திரும்பி வரும் தூரம்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று ஒருவர் வீடு திரும்பியதும், குடும்பத்தார் முதலில் எடுத்து ஒளித்து வைப்பது அவருடைய வண்டிச் சாவியைத்தான். அன்பினால் செய்யும் காரியம் அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்தச் சாவி எப்போது திரும்பக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. வாரங்கள் மாதங்களாகின்றன. இதயம் தேறிவிடுகிறது, ஆள் மட்டும் தெருமுனையைத் தாண்டாதவராகவே இருந்துவிடுகிறார்.

மேற்குத் தாம்பரத்தைச் சேர்ந்த ஒருவரின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. அவர் விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறோம். அறுபத்து மூன்று வயது. பணியில் இருந்த காலமெல்லாம் குரோம்பேட்டையிலிருந்த தொழிற்கூடத்துக்கு மிதிவண்டியிலேயே சென்று வந்தவர். ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் பொருத்திய ஐந்தாம் மாதத்தில் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். சோதனை முடிவுகள் நன்றாக இருந்தன. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அவருடைய மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டாக்டர், இவர் இனிமே சைக்கிள் தொடலாமா? தினமும் கேட்டு என்னை உயிரெடுக்கிறார்.”

தொடலாம் என்றோம். எப்படித் தொடலாம் என்பதைச் சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த விடைதான் இக்கட்டுரை.

பிரெஞ்சு நாட்டுப் பெரியவர் ஒருவரின் விதிகள்

மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்வதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு பிரான்ஸ். அங்குக் கால்வாய்க் கரைகளிலும், கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின் தடங்களிலும் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத பாதைகள் அமைத்திருக்கிறார்கள். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாய் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. முன்பு குதிரைகள் படகை இழுத்துச் சென்ற கரையில் இன்று குடும்பங்கள் மிதிவண்டியில் போகின்றன. கார் இல்லாமல், அவசரமில்லாமல், ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமம் வரை செல்வதே அந்தப் பயணத்தின் இலக்கணம்.

இந்தக் கலைக்கு ஆசானாகக் கருதப்படுபவர் பால் தெ விவி. வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 1853 முதல் 1930 வரை வாழ்ந்தார். சேந்த்-எத்தியேன் நகரில் மிதிவண்டி வணிகம் செய்தார். மிதிவண்டிப் பயணத்துக்கென்றே 1887-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் கியர் அமைப்புக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். பந்தயக்காரர்கள் அதை ஏளனம் செய்தார்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு வேண்டுமானால் கியர் தேவைப்படலாம் என்ற பேச்சு எழுந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தில் அத்தகைய கியருக்கு 1937-இல்தான் அனுமதி கிடைத்தது. அப்போது வெலோசியோ உயிருடன் இல்லை.

மிதிவண்டியில் நெடும்பயணம் செய்பவர்களுக்கு அவர் ஏழு விதிகளை வகுத்தார். அவர் மருத்துவர் அல்லர். ஆயினும் அந்த விதிகளைப் படித்தபோது, இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு நாங்கள் நாள்தோறும் சொல்வதையே வேறு சொற்களில் கேட்பதாகத் தோன்றியது. அவற்றின் கருத்தை எங்கள் விளக்கத்தோடு இங்கே தருகிறோம்.

நிறுத்தங்கள் குறைவாகவும் சுருக்கமாகவும் இருக்கட்டும் என்பது முதல் விதி. இந்த ஒன்றை மட்டும் நாங்கள் மாற்றினோம். நோயிலிருந்து தேறுபவருக்கு நிறுத்தங்கள் சுருக்கமாகவும் அடிக்கடியும் இருக்க வேண்டும். பதினைந்து நிமிட மிதிப்புக்கு மூன்று நிமிட ஓய்வு என்பது நல்ல தொடக்கம்.

பசிக்கும் முன் சிறிதளவு உண், தாகம் எடுக்கும் முன் குடி என்பது இரண்டாவது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இது உயிர்காக்கும் விதி. உடற்பயிற்சியின்போது இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். இரண்டு வாழைப்பழமும் சிறிது சர்க்கரை அல்லது குளுக்கோஸும் பையில் இல்லாமல் அவர்கள் புறப்படவே கூடாது. இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் மட்டும், எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பசியும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைப்படையாதே என்பது மூன்றாவது. இது எளிய, ஆனால் நம்பகமான அளவுகோல். பயிற்சி செய்த அன்றிரவு நன்றாக உறங்கி, மறுநாள் காலை வழக்கம்போல் பசித்தால் அளவு சரி. உறக்கம் வராமல் புரண்டு, மறுநாளும் உடல் அசந்திருந்தால் அளவு மிகுந்துவிட்டது.

வியர்க்கும் முன் ஆடையைத் தளர்த்து, குளிரும் முன் போர்த்திக்கொள் என்பது நான்காவது. நம் ஊரில் இதை வேறுவிதமாகச் சொல்ல வேண்டும்: வெயில் ஏறும் முன் வீடு திரும்பு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். பங்குனி பிறந்த பிறகு, ஆனி முடியும்வரை, அந்த நேரத்தையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு வெப்பம் இரட்டிப்புப் பகை.

வழியில் மது, புகையிலை, புலால் மூன்றையும் தவிர் என்பது ஐந்தாவது. முதலிரண்டையும் வழியில் மட்டுமின்றி வாழ்விலும் தவிர்க்கச் சொல்கிறோம்.

உன் சக்திக்கு மீறி ஒருபோதும் மிதிக்காதே, அதிலும் முதல் சில மணி நேரத்தில் எச்சரிக்கையாக இரு என்பது ஆறாவது. ஏனெனில் அப்போதுதான் உடல் தெம்பாக இருக்கிறது. அந்தத் தெம்பை நம்பித்தான் மனிதர் ஏமாறுகிறார்.

ஏழாவது விதி, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக மிதிக்காதே என்பது. இந்த ஏழாவதில்தான் நம் கதாநாயகர் முதலில் தடுக்கினார்.

படிக்கட்டின் கீழ் இருந்த வண்டி

அவருடைய பழைய மிதிவண்டி உயரமானது, நடுக்கம்பி உள்ளது. காலைத் தூக்கிப் பின்புறமாக வீசி ஏறவேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர் தடுமாறி விழுந்தால், சிறு காயத்திலும் இரத்தம் எளிதில் நிற்காது. தலையில் அடிபட்டால் ஆபத்து பெரிது. ஆகவே அந்த வண்டி வேண்டாம் என்றோம். வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்டபோது அவர் பேசவில்லை. மனைவிதான் சொன்னார்: பேத்திக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மிதிவண்டி, அவள் கல்லூரிக்குப் போன பிறகு படிக்கட்டின் கீழ் தூசி படிந்து நிற்கிறது.

நடுக்கம்பி இல்லாத பெண்கள் மிதிவண்டி அது. ஏறுவதும் இறங்குவதும் எளிது. இருக்கையைத் தாழ்த்தினால் உட்கார்ந்தபடியே இரு கால்களையும் தரையில் ஊன்றலாம். முதியவர்களுக்கும் சிகிச்சைக்குப் பின் தேறுபவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. அவரோ, “இந்த வயசுல லேடீஸ் சைக்கிள்ல போனா தெருவே சிரிக்கும்” என்றார்.

அப்போது அந்த அம்மையார் பேசியதுதான் எங்கள் எல்லோருடைய மனத்திலும் நின்றது. அவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு மிதிவண்டியும் கற்றுத் தந்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் தந்தார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அத்தனை பேருக்கும் பெண்கள் மிதிவண்டி கிடைக்கவில்லை. அவர்கள் கூச்சப்படாமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்கார்த்த அதுவே வசதி என்று கருதியவர்களும் உண்டு.

“நாங்க சேலையைச் சொருகிக்கிட்டு ஜென்ட்ஸ் சைக்கிள்ல போனோம். ஊரே பார்த்துச்சு. எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?” என்று கேட்டார் அவர். கணவரிடம் விடையில்லை. மறு வாரமே அந்த வண்டிக்குப் புது டயரும் ட்யூபும் போடப்பட்டன.

படிப்படியாக

தாம்பரத்துக்கும் இந்தப் படிப்படியான முறைக்கும் பழைய உறவு உண்டு. 1928-இல் டேவிட் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கே காசநோயாளிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். இன்று தாம்பரம் சானடோரியம் என்று தொடர்வண்டி நிலையத்துக்கே பெயராகிவிட்டது அதுதான். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. கணிதமேதை இராமானுஜனும் அங்கே சிறிது காலம் அவரிடம் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் தூய காற்றும், சத்துணவும், ஓய்வுமே சிகிச்சை. அதே இங்கிலாந்தில் பிரிம்லி என்னும் ஊரின் நிலையத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், தேறிவரும் நோயாளிகளுக்கு அளவிட்ட உழைப்பைக் கொடுத்தார். முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமத்தல், அதன் பிறகே மண்வெட்டி. உடல் ஒரு படியைத் தாங்குகிறது என்று தெரிந்த பின்னரே அடுத்த படி.

இன்று காசநோய்க்கு மருந்து உண்டு. இதயக் குழாய் அடைப்பைத் திறக்க வழி உண்டு. ஆயினும் தேறும் காலத்தின் விதி மாறவில்லை.

அவருக்கு முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்தோம். பிறகு டிரெட்மில் சோதனை. பிறகு இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் நிலையாக நிற்கும் மிதிவண்டியில் இரண்டு வாரங்கள், நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடம் வரை. அதன் பின்னரே தெரு. முதல் வாரம் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு தெருக்கள். அடுத்த வாரம் அரை மணி நேரம். நேரம், தூரம், வேகம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது. முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும்; வேகத்தைக் கடைசியாக.

இதயத் துடிப்பை எண்ணிப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை சரியான அளவைக் காட்டாது. அதைவிட எளிய வழி பேச்சுதான். மிதித்துக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. பாட்டே பாட முடிந்தால் சற்றுக் கூட்டலாம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இந்தச் சோதனைக்குத் துணை ஒருவர் வேண்டும். அந்தத் துணையாக வந்தவர் அவருடைய மனைவி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிதிவண்டியைத் தொடாதவர், அக்கம்பக்கத்தில் ஒரு வண்டியை இரவல் வாங்கி, இரண்டே நாளில் பழைய பழக்கத்தை மீட்டுக்கொண்டார்.

மணிமங்கலம் நோக்கி

மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒன்பது பேர் மேற்குத் தாம்பரத்திலிருந்து புறப்பட்டோம். மருத்துவ அனுமதி பெற்ற நோயாளிகள் நால்வர், அவர்களின் குடும்பத்தினர் மூவர், எங்கள் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர், செவிலியர் ஒருவர். முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக மணிமங்கலம். ஏறத்தாழ 12 கிலோமீட்டர்.

மணிமங்கலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பாதை பெரும்பாலும் சமதளம். ஊரில் பெரிய ஏரி இருக்கிறது. பழமையான கோயில்கள் இருக்கின்றன. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் மணிமங்கலமும் ஒன்று. நெரிசல் மிக்க தாம்பரத்திலிருந்து இவ்வளவு அருகில் வயலும் வரப்பும் ஏரிக்கரையும் இன்னும் இருக்கின்றன என்பதே பலருக்கு வியப்பாக இருந்தது.

குடும்பத்தார் சிலர் எங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: “பின்னாடியே காரில் வருகிறோம். யாருக்காவது முடியவில்லையென்றால் ஏற்றிக்கொள்ளலாம்.” நியாயமான யோசனைதான். ஆனால் நாங்கள் மறுத்தோம்.

கார் பின்னால் வருகிறது என்று தெரிந்தால் மனிதர் தம் சக்தி முழுவதையும் போகும்போதே செலவழித்துவிடுவார். எப்படியும் ஏற்றிக்கொள்வார்கள் என்ற எண்ணம் உடலின் முதல் எச்சரிக்கையை மறைத்துவிடும். கார் இல்லாதபோது கணக்கு வேறு. போன தூரம் முழுவதையும் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: இதே தூரம் திரும்ப என்னிடம் மீதி இருக்கிறதா? நோயிலிருந்து தேறுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களிலெல்லாம் இதுவே தலையாயது. மாடிப்படி ஏறுவதற்கும், சந்தைக்குப் போவதற்கும், பேரனைத் தூக்குவதற்கும் இதே கணக்குத்தான்.

கார் வேண்டாம் என்றோமே தவிர, உதவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. செவிலியரிடம் முதலுதவிப் பையும் இரத்த அழுத்தமானியும் இருந்தன. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருந்தது. 108 ஆம்புலன்ஸ் வரக்கூடிய சாலையை விட்டு நாங்கள் விலகவில்லை. எல்லோரும் தலைக்கவசம் அணிந்திருந்தோம். இத்தகைய முன்னேற்பாடுகளோடு, மருத்துவர் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே இப்பயணம்.

முடிச்சூர் வரை வாசல்களில் கோலங்களும், கோலத்தின் நடுவே பூசணிப் பூவும், எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் திருப்பாவையும் கூடவே வந்தன. நம் கதாநாயகர் உற்சாகமாக இருந்தார். பேசிக்கொண்டே மிதித்தார். பிறகு பேச்சு நின்றது. வண்டி மட்டும் எல்லோரையும் முந்தியது. முப்பது ஆண்டுகள் மிதித்த கால்கள் அல்லவா, பழைய வேகம் தானாகவே திரும்பிவிட்டது. வெலோசியோ எச்சரித்த அந்தத் தொடக்க நேரம் இதுதான். அவர் மனைவி பின்னாலிருந்து, “என்னங்க, பேசிட்டே போங்க” என்று உரக்கச் சொன்னார். வண்டியின் வேகம் குறைந்தது.

வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தில் அனைவரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தோம். வரதராஜபுரத்தை அடைந்தபோது எங்கள் பேச்சு 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின் பக்கம் திரும்பியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கிய நாள்களை எங்களுள் பலர் நேரில் அறிவோம். அன்று படகு ஓடிய தெருவில் இன்று மிதிவண்டி ஓட்டுகிறோம் என்றார் ஒருவர்.

அங்கேயே நம் கதாநாயகர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நெஞ்சுவலி இல்லை, மயக்கம் இல்லை. செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்தார், சரியாகவே இருந்தது. “எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. இன்னும் போகலாம்னுதான் தோணுது. ஆனா போனா, திரும்பி வரப்போ கஷ்டப்படுவேன்னு தெரியுது. இன்னிக்கு இது போதும்” என்றார்.

அன்றைய பயணத்தில் நாங்கள் கண்ட மிகப் பெரிய முன்னேற்றம் அதுவே. வலி வந்து நிறுத்தவில்லை. மருத்துவர் சொல்லி நிறுத்தவில்லை. மனைவி தடுத்து நிறுத்தவில்லை. தாமே அளந்து, தாமே நிறுத்தினார்.

பிறகு அவர் மனைவியைப் பார்த்து, “நீ போய்ட்டு வா. நான் நர்சம்மாவோட இங்கேயே உக்காந்திருக்கேன். ஏரியைப் பார்த்துட்டு வந்து சொல்லு” என்றார். அந்த அம்மையார் அசையவில்லை. ஆறு மாதங்களாக அவரை விட்டு ஒரு மணி நேரம்கூடப் பிரிந்திராதவர். இரவில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று விழித்து விழித்துப் பார்த்தவர். செவிலியர் தம் கைப்பேசியைக் காட்டி, ஏதேனும் என்றால் உடனே அழைப்பதாக உறுதி சொன்ன பிறகே மிதிவண்டியில் ஏறினார். முதல் ஐம்பது அடிக்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

மணிமங்கலம் ஏரி நிறைந்திருந்தது. கரையோரம் நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் நீந்தின. நத்தைகுத்தி நாரைகள் வயலில் இறங்கியிருந்தன. அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியை உண்டு, திரும்பினோம். அந்த அம்மையார் அதிகம் பேசவில்லை. வரதராஜபுரம் நெருங்கும்போது மட்டும், “எனக்குன்னு வெளியே வந்து எத்தனை நாளாச்சு” என்றார்.

திரும்பும் வழியில் கணவர் எந்தச் சிரமமும் இல்லாமல் வீடு வரை மிதித்தார். அன்றிரவு நன்றாக உறங்கியதாக மறுநாள் தொலைபேசியில் சொன்னார். மூன்றாவது விதியின்படி அளவு சரிதான் என்றோம்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு சொல்

நோயாளியின் உடல்நிலையை நாங்கள் குறித்து வைக்கிறோம். பராமரிப்பவரின் உடல்நிலையைக் குறிப்பதற்கு எங்கள் கோப்பில் இடமில்லை. ஆனால் தூக்கம் கெட்டு, உணவு தவறி, வெளியுலகம் மறந்து வாழ்பவர்கள் அவர்கள். நோயாளிக்கு அஞ்சி அவரைத் தடுத்து வைக்கும்போது, தங்களையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது பராமரிப்பவருக்கென்று இருக்கட்டும். அந்த நேரத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்வது அன்பில் குறைவு அன்று.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

எவ்வளவு நாளில் மிதிவண்டி ஓட்டலாம் என்பது நோய்க்கு நோய், ஆளுக்கு ஆள் மாறும். நெஞ்சைத் திறந்து பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதற்கு முன் கைப்பிடியை அழுத்திப் பிடிப்பதும், குண்டு குழியில் குலுங்குவதும் கூடாது. காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், நோய் பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை குழுவாகச் செல்லக்கூடாது. தேறிய பிறகும் மருந்தை ஒரு நாள்கூட விடக்கூடாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையோடு வைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நிறுத்தி, மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து மெதுவாக வாயால் ஊதி வெளியே விட வேண்டும். கைப்பிடியில் கைகளை ஊன்றிச் சற்று முன்சாய்ந்து நின்றால் மூச்சு எளிதாகும். போகிப் பண்டிகையன்றும் புகைமூட்டமான காலைகளிலும் இவர்கள் வீட்டிலேயே இருப்பது நலம். வலிப்பு நோய், தலைசுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் மிதிவண்டியில் ஏறவே கூடாது. அவர்களுக்கு நடையே போதும்.

வழியில் நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, தலைசுற்றலோ, அடங்காத மூச்சிரைப்போ தோன்றினால் உடனே இறங்கி நிழலில் உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். சற்று ஓய்வெடுத்து வீட்டுக்கே போய்விடலாம் என்று எண்ண வேண்டாம்.

வண்டியையும் பாருங்கள். பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா, டயரில் காற்று போதுமா, மணி அடிக்கிறதா, பின்னால் ஒளிர்பட்டை இருக்கிறதா? சர்க்கரை நோயாளிகள் செருப்பைத் தவிர்த்து, விரல்களை மூடும் காலணி அணிய வேண்டும். திரும்பியதும் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் வசிப்பவர்கள் சேலையூர் வழியாக மாடம்பாக்கம் வரை சென்று வரலாம். அங்குள்ள தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. யானையின் பின்புறம் போல் வளைந்த அதன் விமானத்தை நின்று நிதானமாகப் பார்ப்பதற்காகவே போகலாம்.

தை மாதக் கடைசியில் அந்தத் தம்பதியர் மீண்டும் மணிமங்கலத்துக்குப் புறப்பட்டார்கள். இம்முறை இருவரும் ஏரிக்கரை வரை சென்று திரும்பினார்கள். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டோம். “வாசல் பக்கத்து ஆணியில மாட்டியிருக்கேன். யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்” என்றார் அம்மையார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாவி ஒளித்து வைக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அதைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். இப்போது கொடுக்கலாமா, இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டுமா என்பதை உங்களோடு அமர்ந்து, சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம்.